வாய்ப்புண்ணுக்கு மூலிகைப் பூச்சு: கடையில் வாங்குவது முதல் புண்ணில் தங்க வைப்பது வரை

வாய்ப்புண் வந்தவருக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது. அத்தை தேங்காய்ப்பால் என்பார். பக்கத்து வீட்டுப் பாட்டி மாசிக்காய் என்பார். அலுவலகத்தில் ஒருவர் கொய்யா இலையை மென்று துப்பச் சொல்வார். இன்னொருவர், "எல்லாம் சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். எவ்வளவு, எத்தனை வேளை, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். கல்லூரிக் காலத்திலிருந்தே இந்தப் புண்ணோடு மல்லுக்கட்டும் ஆள் நான். நாட்டு மருந்துக் கடை, பல் மருத்துவர், சித்த மருத்துவப் பிரிவு என்று எல்லா வாசலும் ஏறி இறங்கித் தெரிந்துகொண்டதை, புதிதாக மாட்டிக்கொள்பவர்களுக்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மூலிகை என்று கேட்பதற்கு முன், அது புண்ணின் மேல் எவ்வளவு நேரம் தங்கும் என்று கேளுங்கள். எச்சில் ஓயாமல் ஊறி எல்லாவற்றையும் கழுவிவிடும். நல்ல சரக்கை வாங்கி, அரைகுறையாகத் தடவி, ஐந்தாவது நிமிடம் காபி குடித்தால் மருந்து வயிற்றுக்குத்தான் போகும். இன்னொன்று, பூச்சு மருந்து இப்போது இருக்கும் புண்ணின் வலியைக் குறைக்கும், கொஞ்சம் சீக்கிரம் ஆற உதவும். அடுத்த புண் வராமல் அது தடுக்காது. அதற்கான வழி கடைசிப் பகுதியில் இருக்கிறது.

1. முதலில் கண்ணாடி முன்னால் நில்லுங்கள்

கைபேசி விளக்கைப் போட்டு, உதட்டைப் புரட்டிப் பாருங்கள். வட்டமாகவோ முட்டை வடிவிலோ ஒரு சின்னக் குழி. நடுவில் வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் படலம். சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம். தொட்டால் சுரீர் என்று வலி. கன்னத்தின் உள்பக்கம், உதட்டின் உள்பக்கம், நாக்கின் ஓரம் அல்லது அடிப்பக்கம். இதுதான் நம்மில் பெரும்பாலோருக்கு வரும் சாதாரண வாய்ப்புண். மருத்துவர்கள் ஆப்தஸ் புண் என்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கும். ஒன்றும் செய்யாவிட்டாலும் 7 முதல் 14 நாளில் தழும்பில்லாமல் ஆறிவிடும். மற்றவருக்குத் தொற்றாது.

அந்த நாள் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் நாள் எதைத் தடவினாலும் ஒன்பதாம் நாள் குணம் தெரியும். "இதைப் போட்டேன், மறுநாளே போச்சு" என்ற கதைகளில் பாதி இப்படி உருவானவைதான்.

புண்ணைப் படம் எடுத்து வையுங்கள். ஒரே வெளிச்சம், ஒரே கோணம், இரண்டு நாளுக்கு ஒரு படம். கைபேசியே தேதியைப் பதிந்துகொள்ளும். பிறகு மருத்துவரிடம் போக நேர்ந்தால் "எப்போ ஆரம்பிச்சது?" என்ற கேள்விக்கு விட்டத்தைப் பார்த்து யோசிக்க வேண்டியிருக்காது.

2. மூலிகை வேண்டாம், நேராக மருத்துவர்

இந்தப் பகுதியைத் தாண்டிக் குதித்து மருந்துப் பகுதிக்குப் போகாதீர்கள்.

மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், எந்தப் புண்ணாக இருந்தாலும், மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். வலியே இல்லாத புண், விளிம்பு தடித்துக் கெட்டியாக இருக்கும் புண், காரணமில்லாமல் ரத்தம் கசியும் புண், கூடவே கழுத்தில் கட்டி. இவற்றுக்கு மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் பலரும் "வலிக்கலையே" என்று விட்டுவிடுகிறார்கள்.

புகையிலை, பாக்கு, பான் மசாலா போடும் பழக்கம் உள்ளவர்கள் தங்கள் மூன்று விரல்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் செங்குத்தாக வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலும், காரம் பட்டால் வாய் முழுக்க எரிகிறது என்றாலும், பாக்கினால் வாயின் உள்தோல் இறுகத் தொடங்கியிருக்கலாம். அது பின்னால் புற்றாக மாறக்கூடியது. மஞ்சளும் தேனும் அதற்குப் பதில் இல்லை.

மேல் அண்ணத்தின் கெட்டியான பகுதியிலும் ஈறிலும் உதட்டின் வெளி ஓரத்திலும் கொத்தாகக் கொப்புளம் வந்து உடைந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அதற்கான மருந்து முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன். துடைத்தால் கையோடு வரும் வெள்ளைப் படலம் பூஞ்சைத் தொற்று. சர்க்கரை நோயாளிகளுக்கும் ஆஸ்துமா இன்ஹேலர் இழுப்பவர்களுக்கும் அதிகம் வரும். குழந்தைக்குக் காய்ச்சலோடு வாயில் புண், கையிலும் காலிலும் சிவப்புப் புள்ளி என்றால் கை-கால்-வாய் நோய். வாய்ப்புண்ணோடு பிறப்புறுப்பில் புண்ணோ கண் சிவப்போ சேர்ந்து வந்தால் அது சாதாரண வாய்ப்புண் கணக்கில் வராது. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பெரிதான புண்ணும் மருத்துவர் பார்க்க வேண்டியதுதான். அது ஆற வாரக்கணக்கில் ஆகும், தழும்பும் விடும்.

மாத்திரைகளையும் பாருங்கள். மூட்டுவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் மெதோட்ரெக்ஸேட் எடுப்பவருக்கு வாய்ப்புண் வந்தால் அன்றே மருந்து எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கூப்பிட வேண்டும். வாரம் ஒருமுறை போட வேண்டிய அந்த மாத்திரையைத் தெரியாமல் தினமும் போட்டுவிடுபவர்கள் உண்டு. வாய்ப்புண் அதன் முதல் எச்சரிக்கையாக இருக்கலாம். இதய வலிக்குத் தரும் நிகோரண்டிலும் ஆறாத புண்ணைக் கொண்டுவரும். அதை நிறுத்தும் முடிவை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

3. புண்ணைக் கிளறுவதை நிறுத்துங்கள்

பற்பசை டியூபின் பின்பக்கம் படியுங்கள். சோடியம் லாரில் சல்பேட் என்று இருந்தால், அது நுரை வரச் சேர்க்கும் பொருள். சிலருக்குப் புண்ணை அதிகப்படுத்தும். அது இல்லாத பற்பசையும் மருந்துக் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். மூலிகை என்று எழுதியிருக்கும் பற்பசையிலும் இது இருக்கலாம். முன்பக்கத்தில் துளசிப் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புண் வருகிறதா? நாக்கால் தடவிப் பாருங்கள். உடைந்த பல்லோ, கூரான பல் விளிம்போ, பல் கம்பியோ, சரியாகப் பொருந்தாத பல் செட்டோ அங்கே உரசிக்கொண்டிருக்கும். பல் மருத்துவர் அதைத் தேய்த்துவிட்டால் போதும், மருந்தே தேவைப்படாது.

4. என்ன வாங்குவது

எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். பூசுவதற்கு ஒன்று, கொப்பளிக்க ஒன்று, இரண்டு போதும்.

பூசுவதற்கு என் தேர்வு மாசிக்காய். பிள்ளைக்கு உரைமருந்து கொடுத்த வீடுகளில் இது ஏற்கனவே டப்பாவில் கிடக்கும். ஒருவகை ஓக் மரத்தின் இளங்கிளையில் குளவி முட்டையிட, மரம் அதைச் சுற்றி முடிச்சாக வளர்ந்துகொள்ளும். அந்த முடிச்சுதான் இது. துவர்ப்புப் பொருளான டானின் இதில் பாதிக்கு மேல் இருக்கிறது. டானின் புண்ணின் மேல்புறத்துப் புரதத்தோடு சேர்ந்து மெல்லிய ஏடுபோல் படியும். அதனால் காரமும் உப்பும் நேராகப் பட்டு எரிவது குறையும்.

வாங்கும்போது ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். கோலிக்குண்டு அளவில், மேலே சின்னச் சின்ன முண்டுகளோடு, கரும்பச்சையோ கருஞ்சாம்பலோ கலந்த நிறத்தில், கையில் கனமாக இருப்பது நல்லது. வெளுத்து, லேசாக, ஊசி குத்தியதுபோல் ஒரு ஓட்டையோடு இருந்தால் உள்ளே இருந்த குளவி வெளியேறிவிட்டது என்று அர்த்தம். அதில் துவர்ப்பு குறைவு. கடைக்காரர் குவியலிலிருந்து அள்ளிப் பொட்டலம் கட்டும்போது இந்த ஓட்டைக் காய்தான் அதிகம் விழும். "நானே பொறுக்கி எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிடுங்கள். ஐந்தாறு காய் போதும், மாதக்கணக்கில் வரும். பொடியாக வாங்கவே வேண்டாம். பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் இருக்கும் பழுப்புப் பொடி எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

கொப்பளிக்க திரிபலா சூரணம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது. வீட்டில் இடிப்பதானால் "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்று பெரியவர்கள் சொல்வதை மறக்காமல் கடுக்காயின் கொட்டையை எடுத்துவிட வேண்டும். அந்த மெனக்கெடல் வேண்டாம் என்றால் தயாரானதை வாங்கலாம். சென்னை திருவான்மியூரில் இருக்கும் இம்ப்காப்ஸ் கூட்டுறவு நிறுவனம், அரசின் டாம்ப்கால் இரண்டும் சூரணம் தயாரிக்கின்றன. எந்த நிறுவனமாக இருந்தாலும் டப்பாவில் உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி மூன்றும் இருக்கிறதா பாருங்கள். ஒன்று இல்லை என்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

அதிமதுரம் இன்னொரு நல்ல தேர்வு. துவர்ப்பு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுதான் சுகம். குச்சியாக வாங்கி உடைத்துப் பாருங்கள். உள்ளே மஞ்சளாக, நார் நாராக, நாக்கில் வைத்ததும் இனிக்க வேண்டும். இனிக்காமல் மரத்தூள்போல் இருந்தால் பழைய சரக்கு.

மஞ்சளைப் பற்றி எல்லோரும் கேட்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்க்குமின் கலந்த ஜெல்லை, பல் மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் ஸ்டீராய்டு பூச்சோடு ஒப்பிட்டுச் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் கிட்டத்தட்ட அதே பலன் கிடைத்தது. ஆனால் நம் சமையல் மஞ்சளில் குர்க்குமின் 2 முதல் 5 சதவீதம்தான். ஜெல்லில் கிடைத்த பலனை அஞ்சறைப்பெட்டியிலிருந்து எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மேலும், பளபளவென்று அடிக்கும் மஞ்சள் தூளில் லெட் குரோமேட் கலப்படம் இருப்பதுண்டு. ஈயம் அது, திறந்த புண்ணில் தடவும் சமாச்சாரமா? மஞ்சள்தான் வேண்டும் என்றால் விரலி மஞ்சளை வாங்கி உரைகல்லில் உரைத்துக்கொள்ளுங்கள். கஸ்தூரி மஞ்சள் முகத்துக்குப் பூச மட்டும்.

கற்றாழை வீட்டுத் தொட்டியில் இருந்தால் செலவே இல்லை. கடையில் தோலுக்கு விற்கும் பச்சை ஜெல்லை வாயில் போடாதீர்கள். வாசனையும் நிறமும் பதனப்பொருளும் சேர்ந்தது அது.

கொய்யாக் கொழுந்தை மென்று துப்புவது, தேங்காய்ப்பாலை வாயில் வைத்திருந்து விழுங்குவது எல்லாம் இதமாகத்தான் இருக்கும், கெடுதலும் இல்லை. மணத்தக்காளிக் கீரையைப் பொறுத்தவரை அது சாப்பாட்டுத் தட்டில் இருக்க வேண்டியது. பூச்சு மருந்தாக அதனிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

5. தயாரிப்பது எப்படி

மாசிக்காய்: காயைக் கழுவி, கொதிக்கும் நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, நன்றாகக் காய வைத்து மூடி வையுங்கள். உபயோகிக்கும் ஒவ்வொரு தடவையும் உரைகல்லை வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். காய்ச்சி ஆறிய தண்ணீர் நாலைந்து சொட்டு விட்டு, சந்தனம் உரைப்பதுபோல் உரையுங்கள். வெளிர்பழுப்பு நிறத்தில் குழம்பு வரும். ஒரு புண்ணுக்கு மிளகு அளவு போதும். இரும்புக் கரண்டியால் வழிக்காதீர்கள். டானினும் இரும்பும் சேர்ந்தால் மை மாதிரிக் கறுத்துவிடும். விரல் அல்லது எவர்சில்வர் கரண்டி சரி.

அதோடு ஒரு சொட்டு நெய் குழைத்தால் இன்னும் நன்றாக ஒட்டும். தேனும் சேர்க்கலாம், ஆனால் பகலில் மட்டும். இரவு தேனைத் தடவிவிட்டுப் படுத்தால் புண் ஆறுவதற்குள் பல் சொத்தைக்கு அழைப்பு வைத்த மாதிரி ஆகும். படுக்கும்போது நெய்தான்.

திரிபலா: ஒரு தேக்கரண்டிப் பொடிக்கு ஒரு டம்ளர் தண்ணீர். பாதியாகச் சுண்டும்வரை கொதிக்க வைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் கொப்பளித்தால் பொடித் துகள் புண்ணில் உட்கார்ந்து உறுத்தும். கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறின பிறகே வாயில் ஊற்றுங்கள். அன்று காய்ச்சியது அன்றோடு சரி.

அதிமதுரம்: இடித்த குச்சி ஒரு தேக்கரண்டி, கொதித்த தண்ணீர் ஒரு டம்ளர். மூடி வைத்துக் கால்மணி நேரம் கழித்து வடிகட்டி, வாயில் ஒரு நிமிடம் வைத்திருந்து துப்புங்கள். விழுங்காமல் துப்ப வேண்டும் என்பதற்குக் காரணம் எட்டாவது பகுதியில்.

கற்றாழை: மடலை வெட்டியதும் அடிப்பக்கம் மஞ்சளாகக் கசப்புப் பால் வடியும். மடலைச் சாய்த்து நிறுத்தி அது முழுக்க வடியட்டும். பிறகு தோலைச் சீவி, உள்ளிருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை ஓடும் தண்ணீரில் கசப்பு போகக் கழுவுங்கள். நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துக் கசந்தால் மறுபடி கழுவுங்கள். அந்த மஞ்சள் பால் எரிச்சலைக் கூட்டும், வயிற்றுக்குள் போனால் பேதியாகும்.

6. தடவும் முறை

இதைச் சரியாகச் செய்தால் எந்தச் சரக்கும் ஓரளவு வேலை செய்யும். சரியாகச் செய்யாவிட்டால் விலை உயர்ந்த ஜெல்லும் வீண்.

சாப்பிட்டு முடித்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் வாயைக் கொப்பளியுங்கள். அரை டம்ளருக்கு அரைத் தேக்கரண்டி உப்பு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உதட்டை அல்லது கன்னத்தை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் காஸ் துணியின் ஒரு மூலையால் புண்ணை ஒற்றி எடுங்கள். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும். துடைத்தால் மேலே படிந்திருக்கும் படலம் பிய்ந்து ரத்தம் வரும். பஞ்சு வேண்டாம், அதன் நூல் ஒட்டிக்கொள்ளும். ஒற்றி எடுத்ததும் புண்ணின் பளபளப்பு மங்கித் தெரியும். அந்த நொடியில் மருந்தை வையுங்கள். தேய்க்காமல் வைத்து அழுத்துங்கள். உதட்டை அப்படியே முப்பது எண்ணும்வரை விலக்கிப் பிடித்திருங்கள். எச்சில் ஊறும், தலையைக் குனிந்து வழியவிடுங்கள்.

பிறகு அரைமணி நேரம் தண்ணீர்கூட வேண்டாம். நாக்கு தானாக அங்கே போகும், அதைக் கட்டுப்படுத்துவதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை.

ஒரு நாளைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்பும், மொத்தம் நாலு தடவை. படுக்கும் முன் போடுவதைத் தவறவிடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பு மிகவும் குறைந்துவிடுவதால் மருந்து அப்போதுதான் அதிக நேரம் தங்கும். கொப்பளிப்பு காலையும் மாலையும். எப்போதும் கொப்பளித்துவிட்டுப் பூச வேண்டும், பூசிவிட்டுக் கொப்பளித்தால் போட்டதெல்லாம் போய்விடும்.

தொடங்கும் நேரமும் முக்கியம். பலருக்குப் புண் வெளியே தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அந்த இடம் சுருக்கென்று குத்தும், லேசாக எரியும். அப்போதே தொடங்கிவிடுங்கள்.

7. இவற்றைப் புண் பக்கமே கொண்டுபோகாதீர்கள்

"எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுது" என்ற நம்பிக்கையால் வரும் கேடு கொஞ்சநஞ்சமல்ல. மாசிக்காய் துவர்க்கும், லேசாக இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு நிமிடத்துக்கு மேல் சுள்ளென்று எரிந்தால் எதுவானாலும் கழுவிவிடுங்கள்.

கிராம்பு எண்ணெயைக் கலக்காமல் வைத்தால் மரத்துப்போகும், மறுநாள் பார்த்தால் புண் இரட்டிப்பாகியிருக்கும். அதிலிருக்கும் யூஜெனால் உள்தோலை வேகவைத்துவிடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் அப்படித்தான். பப்பாளிக்காய்ப் பால் சதையை அரிக்கும். எருக்கம்பால் பற்றிப் பேசவே வேண்டாம், கைபட்டுக் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. காட்டாமணக்குப் பாலைத் தடவும் வழக்கம் கிராமங்களில் இருக்கிறது. அந்தச் செடி நச்சுச் செடி. அதன் விதையைத் தின்று குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது நம் ஊரில் புதிதல்ல. பக்குவம் தெரியாதவர்கள் அந்த வேலிப்பக்கம் போக வேண்டாம்.

வெண்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவச் சொல்பவர்களும் உண்டு. அது மூலிகை அல்ல, போராக்ஸ். சித்த மருத்துவர் அளவறிந்து கொடுத்தால் அது அவர் பொறுப்பு. வீட்டில் நாமே கண்ணளவில் செய்வது வேண்டாம், குழந்தைகளுக்கு அறவே வேண்டாம். கற்பூரமும் அதே கணக்கில்தான்.

8. யாரெல்லாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்

அதிமதுரத்தைத் தொடர்ந்து விழுங்கினால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பில் பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களும் நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் அதைக் கொப்பளிக்கக்கூட வேண்டாம். மாசிக்காய்க்கு மாறிக்கொள்ளுங்கள்.

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூடக் கூடாது. பொட்டுலிசம் என்ற நச்சுத்தொற்று வரும் அபாயம் இருக்கிறது. கைக்குழந்தையின் வாயில் புண் என்றால் உரைகல்லை எடுக்காமல் குழந்தைகள் நல மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் கழிப்பது குறைந்தால், அன்றே போக வேண்டும். துப்பத் தெரியாத வயதில் கொப்பளிப்பு மருந்து எதுவும் வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்கள் தேனைத் தவிர்த்து நெய்யில் குழைத்துக்கொள்ளலாம்.

9. செலவும் நாள் கணக்கும்

மாசிக்காய், திரிபலா, அதிமதுரம் மூன்றையும் சிறிய அளவில் வாங்கினாலும் முந்நூறு ரூபாயைத் தாண்டாது. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும். உரைகல் வீட்டில் இல்லை என்றால் பாத்திரக் கடையில் சின்னதாக ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் வரும். இணையத்தில் "வாய்ப்புண் ஜெல், முற்றிலும் மூலிகை" என்று ஐந்நூறு, ஆயிரம் விலை போட்டு விற்பதில் பெரும்பாலானவற்றில் பெயருக்குக் கொஞ்சம் சாறும் மீதி இனிப்பும்தான். சேர்மானப் பட்டியலில் அளவு போடாத எதையும் நான் வாங்குவதில்லை.

நாள் கணக்கை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் வலி குறையத் தொடங்க வேண்டும். ஒரு வாரத்தில் சிவப்பு வளையம் வெளிறி, குழி மேலெழும்ப வேண்டும். ஐந்தாம் நாள் வலி கூடியிருந்தாலோ புண் பெரிதாகியிருந்தாலோ மூலிகையை நிறுத்திவிட்டுப் பல் மருத்துவரைப் பாருங்கள். அவர் டிரையம்சினலோன் என்ற ஸ்டீராய்டு பூச்சு எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம், சாதாரணப் புண்ணுக்குக் குறைந்த நாட்கள் போடுவதுதான். ஆனால் அதன்மேல் மஞ்சளும் மாசிக்காயும் சேர்த்துப் போடாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்று.

10. அடிக்கடி வந்தால்: எங்கே போவது, எதை எடுத்துக்கொண்டு போவது

ஒன்று ஆறுவதற்குள் அடுத்தது எட்டிப் பார்க்கிறதென்றால் பூச்சு மருந்தில் தீர்வு இல்லை. இரும்புச்சத்து, பி12, ஃபோலேட் குறைவு முதலில் பார்க்க வேண்டியவை. வீட்டில் "சூடு" என்று சொல்லி மோரும் இளநீரும் கொடுப்பார்கள். குடியுங்கள், நல்லதுதான். பி12 குறைந்திருந்தால் அதைக் குடித்து நிரப்ப முடியாது, அவ்வளவுதான். சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது சகஜம்.

பார்க்க வேண்டிய பரிசோதனைகள்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்தின் சேமிப்பு), பி12, ஃபோலேட், ரத்தச் சர்க்கரை. தனியார் ஆய்வகத்தில் இவ்வளவும் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்கு மேலேயே போகும். தனித்தனியாக எழுதாமல் தொகுப்பாக இருக்கிறதா என்று கேட்டால் குறையும். அதைவிட, முதலில் அரசு மருத்துவமனையில் காட்டி மருத்துவர் எழுதிக் கொடுத்தால் முக்கியமானவை அங்கேயே இலவசமாக முடியும். ஒரு எச்சரிக்கை: பரிசோதனைக்கு முன்பே பி12 ஊசியோ சத்து மாத்திரையோ போட்டுக்கொள்ளாதீர்கள். எண் ஏறிவிடும், உண்மையான குறை தெரியாமல் போய்விடும்.

சித்த மருத்துவரைப் பார்ப்பதானால் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், வட்ட, மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் சித்தப் பிரிவு இருக்கிறது. மருந்து இலவசம். சென்னையில் அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் அயோத்திதாசப் பண்டிதர் மருத்துவமனை. தெற்கே பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி. புறநோயாளிச் சீட்டு காலையில்தான் போடுவார்கள். தாமதமாகப் போய் நின்றால் அன்றைய நாள் வீண். பல் பக்கம் பார்க்க வேண்டுமென்றால் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள். அங்கே போய் "வாய்ப்புண்" என்று மட்டும் சொன்னால் பல் பிடுங்கும் வரிசையில் உட்கார வைத்துவிடும் வாய்ப்பு உண்டு. வாய் நோய்களைப் பார்க்கும் ஓரல் மெடிசின் பிரிவு எது என்று கேட்டு அங்கே போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார், பதிவுக்கு ஓடிபி வருவதால் எண் மாறாத கைபேசி, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளும், பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், ஒரு காகிதத்தில் கடைசி ஆறு மாதத்தில் புண் வந்த தேதிகளும் இடங்களும். "சிவப்பு மாத்திரை, காலையில ஒண்ணு" என்று சொன்னால் எந்த மருத்துவருக்கும் ஒன்றும் புரியாது, அட்டையைக் காட்டினால்தான் உண்டு. நாட்டு மருந்தும் தடவினேன் என்பதைச் சொல்லத் தயங்காதீர்கள். அந்தப் பொட்டலத்தையும் கொண்டுபோங்கள். ஆங்கில மருத்துவரிடம் சித்த மருந்தையும், சித்த மருத்துவரிடம் ஆங்கில மருந்தையும் மறைப்பதால் நஷ்டம் நமக்கு மட்டும்தான்.

மருத்துவர் சந்தேகப்பட்டு அந்த இடத்திலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள், தையல் ஒன்றிரண்டு இருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். முடிவு வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். துணுக்கு எடுக்கத் தேதி குறித்துவிட்டால், அன்றிலிருந்து அந்த இடத்தில் மஞ்சளோ மாசிக்காயோ எதுவும் தடவாதீர்கள். கறை படிந்த புண்ணில் எந்த ஓரத்தில் வெட்டி எடுப்பது என்று கண்டுபிடிப்பது மருத்துவருக்குக் கஷ்டம்.